கயிறு கட்டிய டின்

மூன்றாம் வகுப்பை நான் மூன்று வருஷம் படித்தேன். அவ்வளவு ஆழமாக அந்த வகுப்பை வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். நாலாவது வருஷமும் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைக்கு ஆடு மேய்க்கிற களை முகத்திலேயே தெரிகிறது, ஏன் தடுக்கிறீர்கள் என்று கேட்டார். அதோடு என் படிப்பு முடிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எட்டு டின்னில் ஒரு டின்னை அடையாளம் வைத்துக்கொள்ளத் தெரியாத ஒருத்தியின் கதை இது.

எங்கள் ஊர் நெடுங்காட்டுக்குப் பக்கம். அப்பாவுக்கு மூன்று மா நிலம், கூட்டிப் பார்த்தால் ஒரு ஏக்கர். காவிரித் தண்ணீர் வந்தால் நெல். தையில் அதை அறுத்துவிட்டு மாசியில் எள் விதைப்பார். எள்ளைச் சனீஸ்வரரே விளைய வைத்து அவரே வாங்கிக்கொள்கிறார் என்பது அப்பாவின் எண்ணம். திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் தலையில் நல்லெண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுக்குப் போட்ட பிறகுதான் கோயிலுக்குள் போவார்கள். உலகத்தில் கஷ்டம் இருக்கிறவரைக்கும் எள்ளுக்கு விலை இருக்கும் என்பார் அப்பா. கஷ்டத்துக்குப் பஞ்சம் வராது என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை.

அந்த வருஷம் ஆனி மாதம் எள் மூட்டையோடு காரைக்கால் மண்டிக்குப் போனவர் மூட்டையோடேயே திரும்பி வந்தார். மண்டிக்காரர் சொன்ன விலையைக் கேட்டு வண்டிமாடே தலையை ஆட்டியதாம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு மண்டிக்காரர், "கப்பல் எண்ணெ வந்துடுச்சுண்ணே. மலேயாவுலேர்ந்து வருது. ரேஷன் கடையிலயே ஊத்துறான். இனிமே எள்ளை யாரு தேடுறா" என்றாராம்.

பாமாயிலைத்தான் அவர் அப்படிச் சொன்னார். எங்கள் தெருவில் அன்றிலிருந்து அதன் பெயர் கப்பல் எண்ணெய்.

அப்பாவுக்கு ஒரு குணம். யாராவது அவரை அடித்தால், அடித்தவன் முகத்தைப் பார்க்காமல் விடமாட்டார். அந்தக் கப்பலை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மண்டபத்தூர் கடற்கரைக்கு மிதித்தார். மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டுமரம் நாலு வந்தது. வலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் அப்பா பணிவாகக் கேட்டார்.

"எண்ணெக் கப்பல் எத்தனை மணிக்குங்க வரும்?"

அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "இங்க மத்தி மீனுதாங்க வரும். அதைக் காய்ச்சினாலும் எண்ணெ வரும். வேணும்னா சொல்லுங்க."

கப்பல் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வந்து போகிறது, காரைக்காலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று அவர்தான் விளக்கினார். அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. நம்மைக் கெடுப்பதற்குக்கூட ஒருத்தன் நம் ஊருக்கு வராமல் இருக்கிறானே என்று வழிநெடுகப் புலம்பிக்கொண்டு வந்தார். எனக்கு வேறு வருத்தம். கப்பல் பார்க்கலாம் என்று ஆசைகாட்டித்தான் சுண்டல் வாங்கித் தராமல் கூட்டிவந்திருந்தார்.

எங்கள் வயலுக்கு அடுத்த மனையில் சொல்தா ஒருவர் இருந்தார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாதா மாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் எங்கள் மூன்று மாவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வரப்பில் வந்து நின்று, பட்டாளத்தில் பழகிய பிரெஞ்சு ஆமாம் ஒன்றை முதலில் போட்டு, "வுய், என்ன முடிவு பண்ணினே? மாடி வீடு கட்டி மீதியில தென்னை வெக்கலாம்னு இருக்கேன்" என்பார். எள் விலை போகாத செய்தி கேட்டதும் ஞாயிற்றுக்கிழமையோடு புதன்கிழமையும் வர ஆரம்பித்தார்.

அப்பா அவருக்கு ஒரு கெடு சொன்னார். மார்கழியில் சனிப்பெயர்ச்சி வருகிறது. லட்சம் தலை குளத்தில் முழுகும். அதுவரைக்கும் எள்ளை விற்கப்போவதில்லை. அப்போதும் போகவில்லை என்றால் பொங்கலுக்கு நிலத்தை எழுதித் தருகிறேன்.

ஆக, ஆனியிலிருந்து மார்கழி வரைக்கும் எள் மூட்டைகள் எங்களோடுதான் குடியிருந்தன. வீட்டில் இருந்தது ஒரே அறை. மூட்டைகள் சுவரோரம் படுத்துக்கொண்டன, நாங்கள் மூட்டையோரம் படுத்துக்கொண்டோம். எறும்புகள் எங்கள் இரண்டு சாராரையும் சமமாக நடத்தின.

இதற்கிடையில் அப்பா தெருவையே திரட்டினார். எள் போடுகிற பத்துப் பதினைந்து குடும்பத்து ஆண்களைப் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கவைத்து, கற்பூரத்தைக் கொளுத்தி, கப்பல் எண்ணெய்யை வீட்டுக்குள் விடமாட்டோம் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யவைத்தார். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். நானும் ஆர்வக்கோளாறில் நுழைந்து ஓங்கி அடித்தேன். கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அம்மாதான் எனக்குச் சோறு ஊட்டினாள். ஊட்டிய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அப்பளம். அப்பளம் பொரித்தது கப்பல் எண்ணெய்யில்.

எனக்கு அது கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. அம்மா ரேஷன் கடைக்குப் போகும்போது சர்க்கரைப் பைக்கு அடியில் ஒரு எண்ணெய்த் தூக்கை ஒளித்துக்கொண்டு போவாள். நான் கேட்டதற்கு, "சூடம் அடிச்சது உங்கப்பா கை. நான் அடிச்சேனா?" என்றாள். நான் அடித்திருக்கிறேனே என்று கொப்புளத்தைக் காட்டினேன். "நீ சின்னப் புள்ள, உன் சத்தியம் செல்லாது. வாயத் தொறந்தீன்னா அப்பளம் கெடையாது."

நான் வாயை அப்பளத்துக்கு மட்டும் திறந்தேன்.

விஷயம் அம்மாவோடு நிற்கவில்லை. சத்தியம் செய்த வீட்டுப் பெண்கள் எல்லாருமே ரேஷன் கார்டில் எண்ணெய் வாங்கிவிட்டு எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் முழித்தார்கள். கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த இடம் எங்கள் வீடு. சத்தியம் வாங்கினவர் வீட்டில் போய் யார் தேடப்போகிறார்கள்? ஒரு பழைய டின்னைக் கழுவி எள் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்து எல்லாரும் அதில் ஊற்றினார்கள். வேண்டும்போது கிண்ணத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்து, "அக்கா, கொஞ்சம் மஞ்சத்தூள் இருக்குமா" என்பார்கள். அம்மா கரண்டியால் அளந்து ஊற்றுவாள். நான் வாசலில் காவல். அப்பா தெருமுனையில் தெரிந்தால் இருமவேண்டும். அந்த ஆறு மாதத்தில் நான் இருமிய இருமலைப் பார்த்து அப்பா இரண்டு தடவை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அம்மாவின் சமையலில் ஒரு நுட்பம் இருந்தது. தோசையைக் கப்பல் எண்ணெய்யில் சுடுவாள். எடுக்கும்போது மேலே ஒரே ஒரு சொட்டு நல்லெண்ணெய். அப்பா வாசனையை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "இதுதான் நம்ம மண்ணு. மலேயாக்காரன் நூறு கப்பல் உட்டாலும் இந்த வாசம் வருமா" என்பார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "வராதுங்க" என்பாள்.

கார்த்திகையில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. காரைக்காலில் ஒரு டீக்கடையில் பலகாரம் போடுகிறவர். யோசனை சொல்வதில் வல்லவர், அதைச் செய்வதற்கு அடுத்தவர் வேண்டும்.

"அத்தான், எள்ளா வித்தாதானே மண்டிக்காரன் வெலை சொல்றான்? மில்லுல குடுத்து ஆட்டிடுங்க. கொளத்தங்கரையில நாமளே எண்ணெயா விப்போம்."

"மண்டிக்காரனும் அங்க கடை போடுறானாமே மச்சான். பாதி வெலைக்கு ஊத்துறானாம்."

"போடட்டுமே. அவன் ஊத்துறது கப்பல் எண்ணெ. எங்க கடையில மார்கழி மாசம் காலையில டின்னைத் தொறந்தா வெண்ணெ மாதிரி ஒறைஞ்சு கெடக்கும். கரண்டியே எறங்காது. நல்லெண்ணெ ஒறையுமா? ஒறையாது. விடியக்காலையில ஜனங்க முன்னாடி அவன் டின்னையும் நம்ம டின்னையும் தொறந்து காட்டுங்க. அவ்வளவுதான்."

அப்பா மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆறு மாதமாக முகம் தெரியாத எதிரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு அவன் எந்த மாதத்தில் விறைத்துப்போவான் என்று தெரிந்துவிட்டது.

எள்ளை ஆட்டினோம். ஏழு டின் எண்ணெய் வந்தது. ஏழையும் சுவரோரம் அடுக்கியபோது, மறைத்திருந்த மூட்டைகள் போய்விட்டதால் அம்மாவின் டின்னும் வெளியே தெரிந்தது. அது காலி டின் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தாள். எட்டும் ஒரே அளவு, ஒரே துரு. அம்மா தன் டின்னின் பிடியில் ஒரு நீளக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, அப்பா இல்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னாள். "பாத்துக்க. கயிறு கட்டினது நம்ம டின்னு. அதை வண்டியில ஏத்தப்படாது. ஏத்துறப்ப நீதான் பக்கத்துல நிக்கணும்."

இதைவிடச் சுலபமான வேலையை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது.

சனிப்பெயர்ச்சிக்கு முதல் நாள் எனக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கயிறு தாண்டுகிற போட்டி. அவளிடம் கயிறு இருந்தது. என்னிடம் இல்லை. டின்னில் இருந்தது. அவிழ்த்துக்கொண்டு போய் ஆடினேன், ஜெயித்தேன். நாணயமாகத் திரும்பக் கொண்டுவந்து கட்டவும் செய்தேன். எந்த டின் என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஓரத்தில் இருந்ததா, ஓரத்துக்கு அடுத்ததா? ஓரத்தில் இருப்பதுதான் எப்போதும் சரியாக இருக்கும் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் எல்லாக் கேள்விக்கும் நான் இப்படித்தான் பதில் எழுதுவேன்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்னே வண்டி கட்டினார்கள். அம்மா வரவில்லை. மார்கழி ஜலதோஷத்தில் அவளுக்கு மூக்கு இருக்கிற இடமே தெரியவில்லை. காக்காய்க்கு வைக்க வடை சுடவேண்டும் என்று வீட்டில் இருந்துகொண்டாள். சத்தியம் செய்த ஆண்கள் நாலைந்து பேர் துணைக்கு நடந்து வந்தார்கள். நான் பொறுப்பாக நின்று, கயிறு கட்டிய டின்னைத் தொடவிடாமல் மற்ற ஏழையும் மாமாவை விட்டு ஏற்றவைத்தேன். ஏறி உட்கார்ந்தபோது ஆறு டின் களக் களக் என்று சத்தம் போட்டன. ஒன்று மட்டும் வாயே திறக்கவில்லை. நல்ல பிள்ளை என்று அதன்மேல் குந்திக்கொண்டேன்.

திருநள்ளாற்றில் மனிதர்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. குளத்தில் இறங்க வழியில்லாமல் தலையில் எண்ணெய்யோடு ஜனங்கள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். முழுகியவர்கள் கட்டியிருந்த பழைய துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு ஏறினார்கள். சனி துணியோடு போய்விட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். கரையில் மண்டிக்காரரின் கடை. பக்கத்திலேயே நாங்கள் விரித்த சாக்கு.

அவர் கடையில் கூட்டம் மொய்த்தது. எங்கள் சாக்கில் ஒரு நாய் வந்து படுத்தது.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு அப்படிப் பேசவரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஐயா, அம்மா, எல்லாரும் பாருங்க. சனி பகவானுக்கு எள்ளுதான் சொந்தம். நீங்க தலையில தேய்ச்சிக்கிறது எள்ளா, கப்பல்ல வந்த சரக்கான்னு யாருக்குத் தெரியும்? ஒரு சோதனை சொல்றேன். கப்பல் எண்ணெ இந்தக் குளிருல ஒறையும். நல்லெண்ணெ ஒறையாது. அவரு டின்னையும் தொறக்கட்டும், எங்க டின்னையும் தொறக்குறோம். எது ஒறைஞ்சிருக்கோ அது கப்பல் எண்ணெ."

எண்ணெய் வழிகிற தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மண்டிக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு டின்னை முன்னால் தள்ளினார். மாமா பாய்ந்து மூடியைத் திறந்தார். உள்ளே எண்ணெய் கண்ணாடி மாதிரி தளதளவென்று ஆடியது.

மாமாவின் முகம் விழுந்தது. கடைக்குப் பின்னால் இட்லி அடுப்பு எரிந்துகொண்டிருந்ததையும், அதைச் சுற்றி டின்கள் குளிர்காய்ந்துகொண்டிருந்ததையும் நாங்கள் பிறகுதான் பார்த்தோம். உறைகிற எண்ணெய்யை விற்கிறவருக்கு அது உறையும் என்று தெரியாமலா இருக்கும்.

அப்பா அசரவில்லை. "சரி, எங்களதையும் பாத்துடுங்க. ஏழு டின்னு இருக்கு, எதை வேணா தொறக்குறேன். எம்பொண்ணு கை ராசியான கை. பாப்பா, நீயே ஒண்ணைத் தொடும்மா."

வாழ்க்கையில் முதல்முறையாக அத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. வழியெல்லாம் அடக்கமாக வந்த அந்த நல்ல பிள்ளையின் தலையில் கை வைத்தேன்.

அப்பா மூடியை நெம்பித் திறந்து, கூட்டத்துக்குத் தெரிகிற மாதிரி டின்னைச் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். முழுக்கக் கவிழ்த்தார். உள்ளே வெள்ளைவெளேரென்று, அரைத்து வைத்த இட்லி மாவு மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. மாமா ஒரு கரண்டியை உள்ளே குத்தினார். கரண்டி நட்ட கம்பம் மாதிரி நின்றது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் குளத்தில் இருந்தவர்கள் முழுக்கை மறந்து எட்டிப் பார்த்தார்கள். மண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அனுதாபமாகக் கேட்டார். "என்னண்ணே, கப்பலைக் கடல்ல தேடினீங்களாமே. உங்க வீட்டுலல்ல கரை தட்டியிருக்கு?"

அப்பா டின்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மில்காரன் ஏமாற்றிவிட்டானா என்று அவர் முனகியபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு அப்பாவி மில்காரர்மேல் பழி விழக்கூடாது என்று உரக்கச் சொன்னேன்.

"மில்லுக்காரரு இல்லப்பா. இது அம்மா டின்னு. அம்மா மட்டும் இல்ல, தெருவே இதுலதான் ஊத்தி வெச்சிருக்கு."

சொல்லிவிட்டு, சத்தியம் செய்த ஆண்களை ஆதரவுக்காகப் பார்த்தேன். ஒருவர் குனிந்து கால் பெருவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்னொருவர் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர்களில் பாதிப் பேருக்கு முன்பே தெரியும் என்பது அந்தக் கன்னத்தில் போட்டுக்கொண்ட வேகத்திலேயே தெரிந்தது.

அப்பா சாக்கில் உட்கார்ந்தார். நாய் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. மற்ற டின்களைத் திறந்து காட்டலாம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். ஆனால் கூட்டம் அதற்குள் மண்டிக்காரர் கடைக்குத் திரும்பியிருந்தது. சோதனையில் தேறிய கடை அல்லவா. வெயில் ஏறும்வரைக்கும் அப்பா சாக்கைவிட்டு எழவில்லை. சொல்தாவின் மாடி வீடு எங்கள் வயலில் எழும்புவதை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மண்டிக்காரர் அவராகவே எங்களிடம் வந்தார். மற்ற டின்களைத் திறக்கச் சொன்னார். விரலை விட்டு உள்ளங்கையில் தேய்த்து மூக்குக்கிட்டே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது.

"இது அசல்."

"அசலை வாங்கத்தான் ஆளு இல்லையே" என்றார் அப்பா.

"நான் எடுத்துக்குறேன். ஆறையும்."

அவர் சொன்ன விலை அப்பா கனவு கண்ட விலை இல்லை. ஆனால் ஆனியில் சொன்னதைவிட மேல். அப்பா நம்பாமல் கேட்டார். "உனக்கு எதுக்கு? உன்கிட்டதான் கப்பலே இருக்கே."

"வாசத்துக்குண்ணே. அதுல என்ன வாசம் இருக்கு? டின்னுக்கு ரெண்டு கரண்டி இதை ஊத்திட்டா அதுவும் நல்லெண்ணெதான். அடுத்த வருசமும் போடுங்க, நானே எடுத்துக்குறேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். தெரிந்த பாடம் வந்துவிட்டது. "எங்கம்மாவும் இப்படித்தாங்க. தோசையைக் கப்பல் எண்ணெயில சுட்டுட்டு மேல ஒரு சொட்டு ஊத்தும்."

மாமா என் வாயைப் பொத்தினார். தாமதமாகப் பொத்தினார். அப்பா என்னைத் திட்டவில்லை. ஆறு மாதத் தோசையையும் ஒன்று விடாமல் திரும்ப நினைத்துப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். நாங்கள் போனபின், எண்ணெய் இளகுகிற அளவுக்கு வெயில் ஏறியதுமே தெருப் பெண்கள் கிண்ணங்களோடு வந்து, சனிப்பெயர்ச்சிக்குப் பலகாரம் சுட ஆளுக்கு நாலு கரண்டி வாங்கிப்போயிருந்தார்கள். கயிறு கட்டிய டின் பாதிக்கு மேல் காலி. அம்மாவுக்கு மூக்கடைப்பு. தெருவில் மற்றவர்களுக்கு மூக்கு நன்றாகவே இருந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மாமா இறக்கிவைத்த டின்னைக் கண்டதும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திறந்த மூடிக்குள் உறைந்த வெள்ளை இன்னும் முழுக்கக் கரையாமல் கிடந்தது. இலையைப் போட்டு வடையை வைத்தாள். அப்பா ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன எண்ணெ இது?"

அம்மா ஆறு மாதப் பழக்கத்தில் சொன்னாள். "நம்மளுதுதாங்க."

"இன்னமும் பொய் சொல்லாத. நம்மளுது எனக்குத் தெரியாதா? இதுல வாசம் தூக்கலா இருக்கு. ஒரு மாதிரி கசக்குது. ரேஷன்ல புதுசா எதையோ ஊத்துறானா?"

அந்த நிமிஷத்தில்தான் எனக்குக் கயிறு ஞாபகம் வந்தது. ஓரத்து டின்னா, ஓரத்துக்கு அடுத்ததா என்ற சந்தேகம் தீர்ந்தது. ஓடிவிடுவதற்கு வசதியாகக் கதவருகில் போய் நின்றுகொண்டேன்.

"அப்பா. அது நெசமாவே நம்ம எண்ணெதான். நான் கயித்தை மாத்திக் கட்டிட்டேன்."

அப்பா கையில் இருந்த பாதி வடையைப் பார்த்தார். மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். வருஷா வருஷம் தன் கையால் விதைத்து, களையெடுத்து, தட்டி, புடைத்து எடுத்த எள். நான் அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மாதான் முதலில் பேசினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"விதைக்கிறதை நாமளே தின்னுட்டா எதைத்தாங்க விப்பீங்க? மூணு பேரு ஆறு மாசம் இதுலயே சுட்டுத் தின்னுருந்தா மில்லுக்கு எது போயிருக்கும்?"

அப்பா மீதி வடையை மெதுவாக, மிக மெதுவாகத் தின்றார். பிறகு இன்னொன்று கேட்டார். அதையும் தின்றுவிட்டு எங்களையெல்லாம் உட்காரச் சொன்னார். "எல்லாரும் தின்னுங்க. இன்னைக்கு ஒரு நாளாவது தின்னுங்க." அடி விழாததால் எனக்குப் பசி அதிகமாகி ஏழு வடை தின்றேன். கசப்பு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததை ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து சொல்தா வந்து வரப்பில் நின்றார். மாசியில் எள் விதைக்கப்போகிறேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் "வுய், வுய்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் என்பது அவருக்கு ஒரு தூரமே இல்லை. பென்ஷன்காரர்.

மாசி பிறந்த அன்று ரேஷன் கடையில் எண்ணெய் போட்டார்கள். அம்மா என்னை முன்கூட்டியே வரிசையில் கல் போட்டு இடம் பிடிக்க அனுப்பியிருந்தாள். நான் போனபோது எனக்கு முன்னால், பட்டப்பகலில், தூக்கை ஒளிக்காமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அப்பா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் சூடம் அடித்த அத்தனை பேரும் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் கடைச் சுவரில் எழுதியிருந்த விலைப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என்னைப் போலவே படிக்கத் தெரியாது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னப்பா, சூடம் அடிச்சீங்களே" என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி கேட்டேன்.

அப்பா என் தலையில் கையை வைத்து என்னைத் தனக்கு முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டார். கோபப்படவில்லை.

"எள்ளு விதைக்கணும்ல பாப்பா" என்றார்.

நான் கேட்டதற்கும் அவர் சொன்னதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. பாவம், அப்பாவும் என்னை மாதிரியே மூன்றாம் வகுப்புதான் போலிருக்கிறது, கேள்வி ஒன்று, பதில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, சுவரில் இருந்த பட்டியலை நானும் எல்லாரையும்போலப் படிக்க ஆரம்பித்தேன்.